ஜிப்சி பின்பக்க பிளேட்: மூன்றாவது தடவையில் சரியாக வந்தது

நேற்று குவாரிக்குப் போகிற மண் பாதையில் முழுவதும் போய்த் திரும்பினேன். பின்னால் வைத்திருந்த 20 லிட்டர் தண்ணீர் கேன் வைத்த இடத்திலேயே நின்றது. என் மாருதி ஜிப்சியின் பின்பக்க பிளேட்டை, அதாவது வண்டியைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கைச் சரிசெய்ய எட்டு மாதமாக அலைந்தது இதற்குத்தான். போன பொங்கலுக்கு இதே பாதையில் அந்த கேன் கவிழ்ந்து, உருண்டு, கதவில் முட்டி மூடி உடைந்தது.

வண்டி 2008 ஜிப்சி கிங் (எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் எஞ்சின்). முன்னால் இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் கயிற்று உருளை). பின்னால் கருவிப் பெட்டி, ஜாக்கி, இழுவைப் பட்டை எப்போதும் இருக்கும். வண்டியை உயர்த்த (இதைத்தான் லிஃப்ட் என்பார்கள்) முதல் தடவை நீள ஷேக்கிள் போட்டேன். பிளேட்டின் ஒரு முனையை வண்டியின் சட்டத்தோடு (சேஸ்) இணைக்கும் துண்டுதான் ஷேக்கிள். 2 அங்குலம் நீளம் கூட்டினால் வண்டி ஏறுவது 1 அங்குலம்தான், அது எல்லோருக்கும் தெரியும். முன்பக்கமும் போட்டதில் கேஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியது. ஒரே மாதத்தில் கழற்றிவிட்டேன். இரண்டாவது தடவை ஒரு கடையில் பின்பக்கம் கூடுதலாக ஒரு பிளேட் சொருகி, 'லிஃப்டுக்கு ஏற்றது' என்று நீளமான ஷாக்கும் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டிக் கொடுத்தார்கள். வண்டி 45 மி.மீ. உயர்ந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. ஆனால் ஓட்டினால் மாட்டு வண்டி. ஒரு பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் எதிர்மூலைச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். லிஃப்டுக்கு முன்னால் அந்த இடத்தில் நான்கு சக்கரமும் தரையில் இருந்தன. காசு கொடுத்துப் பிடிப்பைக் குறைத்துக்கொண்டேன் என்பதுதான் மனதை அறுத்தது.

அப்புறம்தான் நாமக்கல்லில் லாரிக்கு பிளேட் அடிக்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். லிஃப்ட் கிட் விற்கிறவர்கள் யாரும் கேட்காத கேள்வியை அந்தப் பட்டறைப் பெரியவர் முதலில் கேட்டார். "வண்டி மொத்தமே எவ்வளவுங்க தம்பி வெயிட்டு?" தெரியவில்லை என்றதும் பக்கத்து எடை மேடைக்கு அனுப்பினார். முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின்சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. நான், பெட்ரோல், கருவிகள் எல்லாம் சேர்த்து முன்னால் 660, பின்னால் 550. மேடையின் கணக்கில் 10 கிலோ முன்னே பின்னே இருக்கலாம். சீட்டைப் பார்த்துவிட்டு, "550 கிலோவுக்கு இவ்வளவு தடிமனா பிளேட் வச்சா அது எப்படிங்க தம்பி அமுங்கும்?" என்றார்.

கழற்றிப் பார்த்தால் சொருகியிருந்த பிளேட் 7 மி.மீ. என் வண்டியின் மற்ற பிளேட்டுகள் வெர்னியரில் 6 காட்டின. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பிளேட்டின் விறைப்பு அதன் தடிமனை மூன்று தடவை போட்டுப் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. ஆறுக்கு 6 × 6 × 6 = 216, ஏழுக்கு 343. அதாவது அந்த ஒரு பிளேட் ஒன்றரைப் பிளேட்டுக்கு மேல் வேலை செய்கிறது. அதை எடுத்துவிட்டு 5 மி.மீ. பிளேட் இரண்டு போட்டோம். இரண்டும் சேர்ந்து 250. விறைப்பு குறைந்தது. சுமையும் இரண்டு பிளேட்டில் பகிர்ந்துகொண்டது. பழைய பிளேட்டுகளின் முனைகளைச் சரிவாகத் தேய்த்து, முனைக்கு முனை நைலான் துண்டு வைத்தோம். இரும்பும் இரும்பும் உரசிப் பிடித்துக்கொள்வதுதான் சின்னக் குழிகளில் வண்டி தடதடப்பதற்குப் பாதிக் காரணம்.

வளைவை அவர் நெருப்புக் காட்டாமல் பச்சையாகவே அடித்தார். சம்மட்டியால் அங்குலத்துக்கு ஒரு தடவை அடிப்பது, பிறகு தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த கோட்டோடு ஒப்பிடுவது, மறுபடி அடி. அவசரத்துக்குக் காய்ச்சி வளைத்து அப்படியே ஆற விட்டால் பதம் போய்விடும், ஆறு மாதத்தில் பிளேட் உட்கார்ந்துவிடும். காய்ச்சினால் முறையாக எண்ணெயில் தோய்த்து மறுபடி பதப்படுத்த வேண்டும். உயரத்தை 30 மி.மீ. அளவில் நிறுத்தச் சொன்னேன். அதற்கு மேல் வளைத்தால் பிளேட்டின் இரண்டு கண்களும் (முனைகளில் போல்ட் போகும் வளையங்கள்) நெருங்கி ஷேக்கிள் செங்குத்தாக நின்றுவிடுகிறது. பிளேட் அமுங்க அமுங்க நீளும். அந்த நீளத்துக்கு ஷேக்கிளின் கீழ்முனை பின்பக்கம் சாய்ந்து இடம் கொடுத்தால்தான் பயணம் மென்மையாக இருக்கும். போன தடவை என் ஷேக்கிள் தூக்கு நூல் போல நின்றதை நான் கவனிக்கவே இல்லை.

இனி ஷாக். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

பழைய 'நீள' ஷாக்கில் மூன்றே மாதத்தில் எண்ணெய் கசிந்தது. விற்றவர்கள் 'ரோடு மோசம்' என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அளந்தேன். தொங்கும் நீளம் அளப்பது சுலபம். சேஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஷாக்கைக் கழற்றி ஆக்சிலை (சக்கர அச்சை) தொங்கவிட்டு, மேல் முளைக்கும் கீழ் முளைக்கும் நடுவில் டேப் பிடித்தால் முடிந்தது. எனக்கு 436 மி.மீ. வந்தது. வண்டி தன் எடையில் நிற்கும்போது 356.

முழுதாக அமுங்கும் நீளம்தான் சிக்கல். ஜிப்சி மாதிரி லேசான வண்டியில் ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்தால் பிளேட் அமுங்குவதற்கு முன்னால் வண்டியே தூக்கிக்கொள்ளும். இதற்கு ஒரே வழி, மெயின் பிளேட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாப் பிளேட்டையும் எடுத்துவிட்டு, யூ போல்ட்டை (பிளேட்டையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டுவது) தற்காலிகமாகப் பூட்டி, பிறகு ஜாக்கியால் ஆக்சிலைத் தூக்குவது. பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) முட்டி, பாதி நசுங்கும் வரை ஏற்றினேன். 283 மி.மீ. அதன் பிறகு ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றி, மறுபக்கத்தைத் தொங்கவிட்டு மறுபடி அளந்தேன். ஆக்சில் சாயும்போது ஷாக்கும் சாய்கிறது, அளவு கொஞ்சம் மாறுகிறது. டயர் உள்பக்கம் எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் எங்கே இழுபடுகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எனக்கு ஹோஸ் விறைத்து நின்றது, நீளமானது மாற்ற வேண்டியிருந்தது.

கழற்றி வைத்திருந்த பழைய ஷாக்கை எடுத்து முழுதாக அழுத்தி அளந்தேன். 298.

அந்த 15 மி.மீட்டரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப் பாதி நசுங்குவதற்கு முன்னால் ஷாக்கின் பிஸ்டன்தான் அடிமட்டத்தில் போய் இடித்திருக்கிறது. நான் பிளேட்டின் சத்தம் என்று நினைத்த அந்த 'டங்' ஷாக் சாகிற சத்தம். ரோட்டின் மேல் பழி போட்டது எவ்வளவு தப்பு!

புதிய ஷாக் மூடினால் 272, விரிந்தால் 442. அமுங்கும் பக்கம் 11 மி.மீ. மிச்சம், தொங்கும் பக்கம் 6. கேஸ் நிரப்பிய ட்வின் டியூப் (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்) வகைதான் எடுத்தேன். மோனோ டியூப் (ஒரே குழாய்) சூடு தாங்கும், பெயரும் பெரிது. ஆனால் அதில் பிஸ்டன் வெளிக்குழாயிலேயே ஓடுவதால் ஒரு கல் அடித்துக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். என் பாதையெல்லாம் கல்தான். பிஸ்டன் கம்பியில் ஒரு கேபிள் டை இறுக்கிவிட்டுக் குவாரிப் பாதைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் டை 61 மி.மீ. தள்ளப்பட்டிருந்தது. வண்டி நிற்கும் நிலையிலிருந்து (356) முழுதாக அமுங்க (283) இருப்பது 73. தாராளமாக அமுங்கியிருக்கிறது, ஆனால் எங்கும் இடிக்கவில்லை. அந்த டையை இன்னும் வெட்டவில்லை.

மாட்டும்போது கவனம் வைத்த இன்னொன்று புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றிக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் வளையம். ஷேக்கிள் போல்ட், பிளேட் கண் போல்ட் எல்லாவற்றையும் கை இறுக்கத்தில் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பின்னால் ஏறி நாலு குதி குதித்த பிறகுதான் முழுதாக இறுக்கினேன். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும், வண்டியும் விறைக்கும். ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் தடவுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ரப்பர் ஊறிப்போகும். நடுவில் ஒரு தடவை பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தேன். நீடித்து உழைக்கும்தான், ஆனால் சிலிக்கான் கிரீஸ் காய்ந்ததும் கீச் கீச்சென்று கத்தும். அதனால் ரப்பருக்கே திரும்பிவிட்டேன்.

பொருள் வாங்கினது பற்றி: யூ போல்ட்டைப் பழையதை ஒருநாளும் திரும்பப் போடாதீர்கள். ஒரு தடவை இறுக்கினால் அது இழுபட்டிருக்கும். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி உதிரிபாகக் கடைகளில் அளவு கொடுத்தால் செய்து தருகிறார்கள், நட்டோடு சேர்த்துப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டின பிறகு மறுபடி ஒரு தடவை இறுக்க வேண்டும். எனக்கு 200 கிலோமீட்டரில் கால் சுற்று இறங்கியது. ஓல்ட் மேன் எமு மாதிரி ஆஸ்திரேலிய ஸ்பிரிங் வேண்டும் என்று நானும் ஒரு வருடம் ஆசைப்பட்டேன். நல்ல சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கணக்குப் போட்ட எடை என் வண்டியின் எடை இல்லை. என் எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடித்த பிளேட் எனக்கு 6,500 ரூபாயில் கிடைத்தது, ஷாக் தனி.

போன வாரம் கொல்லிமலைக்கும் ஏற்றிப் பார்த்தேன். 70 கொண்டை ஊசி வளைவிலும் பின்பக்கம் ஒரே சீராகச் சாய்ந்து எழுந்தது. 2023இல் இந்தியாவுக்கு மாருதி ஜிம்னி நான்கு மூலையிலும் காயில் (சுருள்) ஸ்பிரிங்கோடு வந்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இப்போது இல்லை.

முன்பக்கம் இன்னும் பழைய செட்டில்தான் நிற்கிறது. பின்பக்கம் மட்டும் உயர்ந்ததால் மூக்கு லேசாகக் குனிந்திருக்கிறது, கேஸ்டரும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். முன்னால் பிளேட் தடிமனை முடிவு செய்வதற்கு முன்னால் எடையைக் குறைக்கப் பார்க்கிறேன். வின்ச்சின் இரும்புக் கயிற்றை எடுத்துவிட்டு சிந்தெடிக் கயிறு போடப் போகிறேன், பம்பரின் கீழ்க்குழாயையும் அறுத்துவிடலாமா என்று யோசனை. முன்பக்கம் ஏறினால் டிராக் லிங்க்கின் (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) சாய்வு மாறி ஸ்டியரிங் நடு நிலை விலகும், அதற்கு நீளம் மாற்றக்கூடிய லிங்க் ஒன்று தேட வேண்டும். கயிறு சனிக்கிழமை வருகிறது. மாட்டிவிட்டு, முன்சக்கரத்தை மட்டும் எடை மேடையில் ஏற்றிப் புதுச் சீட்டு வாங்கிக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போகிறேன்.