வலி குறைந்த நாளில்தான் எனக்குக் கவனம் தேவைப்படுகிறது

எனக்கு முடக்குவாதம் என்று உறுதியாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கி வீங்கச் செய்யும் நோய் இது. வயதினால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. மருந்தால் அடக்கி வைக்கலாம், அடியோடு நீக்க முடியாது என்று மருத்துவர் சொன்னபோது, வலி மிகுந்த நாள்களை எப்படிக் கடப்பது என்றுதான் கலங்கினேன். என்னை மீண்டும் மீண்டும் படுக்கையில் தள்ளியவையோ வலி குறைந்த நாள்கள்.

விரல்கள் தடையின்றி மடங்கும் ஒரு காலையில், ஒரு வாரமாகத் தேங்கிய வேலைகள் அனைத்தும் கண்முன் வந்து நிற்கும். இன்று விட்டால் என்று கிடைக்குமோ என்ற பதற்றத்தில் அலமாரியை ஒழித்து, தரையைத் துடைத்து, துணிகளை மடித்து, மாலைவரை உட்காராமல் உழைப்பேன். அடுத்த மூன்று நாள்களுக்குப் பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியாது. வலி தொடங்கிய பின் நிறுத்துவது காலம் கடந்து நிறுத்துவது என்று எனக்குப் புரியவைத்தவர் ஓர் இயன்முறை மருத்துவர். எந்த வேலையை எவ்வளவு நேரம் செய்தால் மறுநாள் பாதிப்பில்லை என்று இரண்டு வாரம் குறித்து வைக்கச் சொன்னார். நின்றுகொண்டு செய்யும் வேலைக்கு என் அளவு 20 நிமிடம் என்று தெரிந்தது. உடம்பு எவ்வளவு இலகுவாக இருந்தாலும் 20 நிமிடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். மோசமான நாளில் அதில் பாதிதான். பாதி மடித்த துணியை அப்படியே விட்டு எழுவதற்கு மனம் பழகவே பல மாதங்கள் ஆயின.

காலையில் மூட்டுகள் இறுகிக் கிடப்பது ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும் என்பதால், அந்த நேரத்தில் வெதுவெதுப்பான நீரில் கைகளை வைத்து விரல்களை மெல்ல மடக்கி நீட்டுவதைத் தவிர வேறெந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. பையை விரல்களில் தொங்கவிடாமல் முன்கையில் மாட்டிக்கொள்கிறேன். சிறிய மூட்டின் சுமையைப் பெரிய மூட்டுக்கு மாற்றும் எளிய வழி அது.

மருந்து விஷயத்திலும் நல்ல நாள்களே என்னை ஏமாற்றின. வலியே இல்லையே என்று ஒருமுறை நானாகவே மருந்தை நிறுத்தினேன். சில வாரங்களில் மணிக்கட்டு வீங்கியது. அழற்சி தொடர்ந்தால் மூட்டில் ஏற்படும் சேதத்தை மருந்தால் திருப்ப முடியாது என்பதும், அந்த நல்ல நாள்களை எனக்குத் தந்ததே மருந்துதான் என்பதும் அப்போதுதான் உறைத்தன. நான் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டியது. தவறுதலாக நாள்தோறும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் கிழமையைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கண்காணிக்கும் பரிசோதனைத் தேதிகளை நாள்காட்டியில் குறித்திருக்கிறேன்.

வீட்டாரிடம் வெறுமனே "முடியவில்லை" என்று சொன்ன காலத்தில், எவ்வளவு முடியவில்லை என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. இப்போது என் தங்கை காலையில், "இன்று எத்தனை நிமிடம், அக்கா?" என்று கேட்கிறாள். நான் சொல்லும் கணக்கைப் பொறுத்து, மீதித் துணிகளை அவள் எடுத்துக்கொண்டு போகிறாள்.