குடமுருட்டிக் கரைக் குறிப்புகள்

ஜூன் 13, வெள்ளி

வந்து சேர்ந்தேன். பாபநாசத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். முற்றம் வைத்த பழைய வீடு. கொல்லைக் கதவைத் திறந்தால் குடமுருட்டி. ஆற்றில் மணலும் நாணலும்தான். மேட்டூரை நேற்றுத் திறந்துவிட்டார்கள். கல்லணைக்கு வந்து, அங்கிருந்து இங்கே எட்ட இன்னும் சில நாள் ஆகும் என்கிறார் சமையல்கார அம்மா. தினமும் காலையில் போய்ப் பார்ப்பாராம்.

ஏழு பேர் வந்திருக்கிறோம். எல்லாரும் கவிதை எழுதுகிறவர்கள். தன் வாழ்க்கையை உரைநடையில் ஒரு பக்கம்கூட எழுதாதவர்கள். எழுத்துப் பட்டறையை நடத்தும் ஐயா எங்களை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுகிறார். நான் நீடாமங்கலம்.

ஜூன் 14, சனி

இன்று முழுவதும் 'போல' என்ற சொல் கூடாது. 'மாதிரி'யும் கூடாது. 'நான்' என்று தொடங்க வேண்டும், ஆண்டு போட வேண்டும். கவிதையில் 'அவள்' என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டுகளாக அப்படித்தான் ஒதுங்கியிருக்கிறேன்.

மாலைவரை உட்கார்ந்து எழுதிய வரி ஒன்றே ஒன்று: "எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, 2003-இல், அப்பா ஒன்பது மா நிலத்தை விற்றார்."

மூன்று ஏக்கர் என்று எழுதினால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும் என்றார் சீர்காழி அண்ணன். புரியாவிட்டால் போகட்டும். எங்கள் வீட்டில் யாரும் ஏக்கர் என்று சொன்னதே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆற்றில் தண்ணீர் இல்லை. இரண்டாவது வரியும் வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

அந்தப் பிடி மண் என்னைத் தூங்கவிடவில்லை.

நிலம் விற்றதைப் பற்றிய என் கவிதையில் அப்பா வயலில் இறங்குகிறார், குனிகிறார், ஒரு பிடி மண்ணை எடுத்துத் துண்டில் முடிந்துகொள்கிறார். அந்தக் கவிதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். கருமாதியன்று அண்ணன் அதை வாசித்தபோது பெரியப்பா வாய்விட்டு அழுதார். இப்போது அது சட்டம் போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அன்று அப்பாவுடன் போனவள் நான். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. பதிவு அலுவலகத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். இடது பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தார்கள். துடைக்கத் துணி தரவில்லை. அப்பா விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார், இரண்டு முறை, காதுக்கு மேலே, நரை தொடங்கிய இடத்தில். பிறகு ஓட்டலுக்குப் போனோம். பூரி சொன்னார். கிழங்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். எனக்கு ஒரு பேனா வாங்கித் தந்தார். திரும்பும்போது எங்கள் வயலைத் தாண்டித்தான் பஸ் போயிற்று. நான் ஜன்னல் பக்கம். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

குனியவில்லை. மண் எடுக்கவில்லை. தூங்கினார்.

தண்ணீர் வராத இரண்டு ஆண்டு, கடன், அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாவற்றுக்கும் பிறகு அந்த மனிதருக்கு அன்றுதான் தூக்கம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. இருபத்தொரு வயதில் எனக்கு அந்தத் தூக்கம் போதவில்லை. அதனால் அவரைக் குனிய வைத்தேன்.

இதை எழுதினால் அண்ணன் அந்தச் சட்டத்தை என்ன செய்வான்?

ஜூன் 17, செவ்வாய்

உத்தமதானபுரம் போய்வந்தோம். 1855-இல் பிறந்த உ.வே.சா.வின் சொந்த ஊர்; நினைவு இல்லத்தில் அரை மணி நேரம் இருந்தோம். ஆனந்த விகடனில் தம் வரலாற்றை 1940-இல் அவர் தொடங்கியபோது வயது 84. அவர் மறைந்த 1942-இல் பாதியிலேயே நின்றுவிட்டது. முதல் அத்தியாயம் 'எங்கள் ஊர்'. ஏகாதசியன்று மறந்துபோய் வெற்றிலை போட்டுவிட்ட தஞ்சை அரசன், அதற்குப் பரிகாரமாக அந்த ஊரைத் தானம் செய்த கதையோடு தொடங்குகிறது. அவர் பார்த்ததில்லை, ஊர் சொன்னது. ஏட்டில் ஓர் எழுத்துக்கு அவ்வளவு பாடுபட்ட மனிதர், கேட்டதைக் கேட்டதாக எழுதுவதற்குத் தயங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். சுற்றிவளைத்துத்தான் கேட்டேன்: நிலம் விற்ற சமயத்தில் அப்பா வயலுக்குப் போனாரா? அம்மா யோசிக்கவே இல்லை. துண்டில் மண் முடிந்துகொண்டு வந்தார், கொல்லையில் முருங்கை அடியில் கொட்டினார், நான்தான் துண்டை அலசிப்போட்டேன் என்றாள்.

என் கவிதையில் முருங்கை கிடையாது.

ஜூன் 18, புதன்

முருங்கை எங்கிருந்து வந்தது? அண்ணன் வாசித்ததைக் கேட்டுக்கேட்டு அம்மா மனத்தில் அது முளைத்துவிட்டதா? அப்படியென்றால் என் பொய்க்கு அம்மா துணி அலசியிருக்கிறாள். இல்லை, நிஜமாகவே நடந்து, நான் யாரோ சொல்லிக் கேட்டு, மறந்து, என் கற்பனை என்று நம்பி எழுதினேனா? இரண்டுமே பயமாக இருக்கிறது.

மதியம் வேதாரண்யத்துத் தம்பி வாசித்தான். 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய விடியற்காலை. காற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் தோப்பில் ஒவ்வொரு தென்னைக்கும் பெயர் இருந்திருக்கிறது. கிணற்றடிக் கோணல், அத்தை மரம், இரட்டைக்குலை. விழுந்த மரங்களை, அவன் தாத்தா சொன்ன வரிசையிலேயே ஒன்றுவிடாமல் எழுதியிருந்தான், அவ்வளவுதான். பாதியில் குரல் உடைந்தது. நாகூர் அக்கா தாளை வாங்கி மீதியை வாசித்தார். நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 19, வியாழன்

அண்ணன் பத்திர நகலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். எதற்கு என்று கேட்கவில்லை. பாவம், இன்னொரு கவிதை என்று நினைத்திருப்பான்.

"யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நல்ல சுயநினைவுடன் எழுதிக்கொடுத்த" என்று இருக்கிறது. சுயநினைவு. அந்தச் சொல்லிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். அடுத்தது நான்கெல்லை. வடக்கே பாசன வாய்க்கால், கிழக்கே கோயில் நிலம், தெற்கே வண்டிப்பாதை, மேற்கே பெரியப்பாவின் நிலம். பெரியப்பா ஏன் அப்படி அழுதார் என்று இப்போதுதான் கொஞ்சம் பிடிபடுகிறது. தினமும் வரப்பில் நின்று அவர் பார்க்க வேண்டியிருந்தது வேறொருவர் நடவை.

கடைசிப் பக்கத்தில் பெருவிரல் ரேகை. நகலில் கறுப்புத் திட்டாகத்தான் தெரிகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இரவு ஒரே மூச்சில் ஆறு பக்கம். விரல், தலைமுடி, பூரி, பேனா, தூக்கம். பிறகு புதிய பத்தியில் 'அம்மா சொல்கிறாள்' என்று தொடங்கி முருங்கையை எழுதினேன். எதையும் அடிக்கவில்லை. 'போல' ஓரிடத்தில் வந்துவிட்டது, இருக்கட்டும்.

ஜூன் 20, வெள்ளி

விடியற்காலை சமையல்கார அம்மா கதவைத் தட்டி எழுப்பினார். தண்ணீர் வந்துவிட்டது.

முழங்கால் அளவுகூட இல்லை. செம்மண் நிறம். முன்னால் நுரையும் சருகும் ஒரு ரப்பர் செருப்பும் போயின. மணலில் இருந்த குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பிவிட்டு, கொஞ்சம் நின்று, பிறகு நகர்ந்தது. ஈரம் படும் இடத்தில் மணல் சிறு சத்தம் போடுகிறது, குனிந்தால்தான் கேட்கும். அந்த அம்மா கும்பிட்டுவிட்டு, இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். எனக்கும் தெளித்தார்.

பத்து மணிக்கு என் முறை. அதற்குள் அம்மாவிடம் ஒன்று கேட்டாக வேண்டும். மண் முடிந்துகொண்டு வந்தது பதிவன்றா, அதற்கு முந்தின நாளா? முந்தின நாள் நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன்.

இரண்டு முறை அடித்தேன். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போயிருப்பாள்.