பழைய ரைபிள்: செப்பனிடுவதா, மாற்றுவதா

வேட்டைக்குப் போகிறவர்கள் கூடும் இடத்தில் பழைய ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நின்றால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இதற்குச் செலவு செய்கிற பணத்தில் புதிதாகவே ஒன்று வாங்கலாமே?" நியாயமான கேள்விதான். என் ரைபிளை வைத்து அதற்குப் பதில் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவும்.

என்னிடம் இருப்பது மவுசர் 98 வகை. 1898இல் ராணுவத்துக்காக வந்த வடிவமைப்பு. உலகப் போர்களுக்குப் பிறகு உபரியாகிப்போன ராணுவத் துப்பாக்கிகளை வாங்கி, தோளில் ஊன்றும் மரக் கட்டையைக் குறைத்து, குழலை மாற்றி வேட்டை ரைபிளாக்குவது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. அப்படி உருவான ஒன்று என் மாமனார் கைக்கு வந்தது. .30-06 தோட்டாவுக்கான குழல், வால்நட் கட்டை. அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியதும் முறைப்படி என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

இதில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாசத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம் மான். நமக்குப் பிடித்த துப்பாக்கி என்பதற்காக ஒரு உயிர் வயிற்றில் குண்டு வாங்கிக்கொண்டு புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்க நாம் காரணமாகக் கூடாது. சுட்டால் அது நின்ற இடத்திலேயே விழ வேண்டும். அதற்குத் துணை நிற்காத ரைபிள் யார் கொடுத்ததாக இருந்தாலும் அலமாரியில்தான் இருக்க வேண்டும்.

என் சந்தேகம் தொடங்கியதும் அங்கேதான். நூறு மீட்டரில் மணல் மூட்டையில் சாய்த்துவைத்து நிதானமாகச் சுட்டாலும் குண்டுகள் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்குச் சிதறின. இருநூறு மீட்டரில் அது குறைந்தபட்சம் பதினெட்டாகிவிடும். நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். அந்த இடம் முழுவதையும் துப்பாக்கியே தின்றுவிட்டால், காற்றுக்கும் மூச்சு வாங்குவதால் வரும் கை நடுக்கத்துக்கும் மிச்சம் ஏது? இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ரைபிள்கள் பலவற்றுக்கு 'ஒரு மினிட்' (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) துல்லியம் என்று தயாரிப்பாளர்களே உறுதி தருகிறார்கள். நூறு மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர்.

உடனே குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று தோன்றியது. மாமனாரிடம் சொன்னேன். "மாப்பிள்ளை, குழலைப் பார்க்காமல் கண்ணாடிக்குப் பணம் கொடுக்காதீர்கள்" என்றார். இதைவிட நல்ல அறிவுரை இந்த விஷயத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் காசு செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்கினேன். தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்பதை இருமுறை பார்த்துவிட்டு, கட்டையையும் உலோகப் பகுதியையும் இணைக்கும் இரண்டு திருகுகளில் முன் திருகைத் தளர்த்த வேண்டும். தளர்த்தும்போது, குழலும் கட்டையின் நுனியும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொள்ள வேண்டும். உலோகப் பகுதி கட்டைக்குள் உட்காரும் இருக்கை சரியாக இருந்தால் எந்த அசைவும் தெரியாது. என் விரலுக்குக் குழல் மேலே எழும்புவது தெளிவாகத் தெரிந்தது. திருகை இறுக்கும்போதெல்லாம் இரும்பு வளைந்துகொடுத்துத்தான் மரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த இறுக்கம் வேறு வேறு விதமாகத் தளர்ந்து மீண்டால் குண்டு எப்படி ஒரே இடத்துக்குப் போகும்?

அடுத்தது காகிதச் சோதனை. குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பின்னோக்கி இழுத்துப் பார்ப்பது. வறண்ட காலத்தில் காகிதம் தாராளமாக ஓடியது. ஈரக் காலத்தில் இடப்பக்கம் சிக்கி நின்றது. மரம் ஈரத்தை வாங்கி ஊதிக் குழலைத் தொட்டிருக்கிறது. பருவத்துக்குப் பருவம் குறி விலகிக்கொண்டே இருந்ததற்கு ஸ்கோப்தான் காரணம் என்று மற்றவர்கள் அடித்துச் சொன்னார்கள். ஸ்கோப் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

பிறகு குழலின் உள்பக்கம். குண்டின் மேல் பூசியிருக்கும் செம்பு, சுடச் சுட உள்ளே இருக்கும் சுருள் பள்ளங்களில் படிந்துவிடும். சாதாரண எண்ணெய்த் துணிக்கு அது அசையாது. அமோனியா கலந்த கரைப்பானை ஊற்றி ஊறவைத்துத் துணியைத் தள்ளினால் நீல நிறமாக வெளியே வரும். என் ரைபிளில் வந்த முதல் துணிகள் கரும்பச்சை, பிறகு அடர்நீலம். வெளிர் நீலமாகி, கடைசியில் வெள்ளையாக வர ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆனது. துப்புரவுக் கம்பியை எப்போதும், தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகவே செலுத்த வேண்டும். குண்டு வெளியேறும் வாய்ப்பக்கமாகச் செருகிச் செருகி விளிம்பைத் தேய்த்தே கெடுத்துவிட்ட குழல்கள் ஏராளம். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த விளிம்பு. ஒரு பக்கம் மட்டும் சிறிது சிதைந்திருந்தாலும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு கசிந்து குண்டைத் தள்ளிவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது என் குழலின் வாயில், மணி ஐந்து இருக்கும் திசையில், நகத்தால் தடவினால் சிக்குகிற அளவுக்கு ஒரு வடு இருந்தது.

இதற்கு மேல் நானாகப் பார்க்கக் கூடாத இடம் வந்துவிட்டது. ராணுவத் துப்பாக்கியாகப் பிறந்து வேறு தோட்டாவுக்கு மாற்றப்பட்ட எதையும், அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் காட்டாமல் தொடர்ந்து பயன்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன். போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அறைக்கும் உள்ள இடைவெளியை அவர்கள் அளவுக் கட்டைகள் வைத்துப் பார்ப்பார்கள். அந்த இடைவெளி கூடியிருந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு நீண்டு கிழிந்து, வாயு முகத்தை நோக்கி வரலாம். பழைய எஃகையும் பொதுவாக நம்பிவிட முடியாது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் செய்த 1903 மாடல் ரைபிள்களில் 8,00,000க்குக் கீழே வரிசை எண் கொண்டவற்றைச் சுட வேண்டாம் என்று இன்றும் எச்சரிக்கிறார்கள். அன்றைய வெப்பப் பதப்படுத்தலில் சில ரைபிள்களின் உலோக உடல்கள் எளிதில் உடையும் தன்மை பெற்றுவிட்டன. வெளியில் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தெரியாது.

என் ரைபிள் தேறியது. இடைவெளி சரி, போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் காதுகள் உட்காரும் இடத்தில் அமுங்கல் இல்லை, விரிசல் இல்லை. தோட்டா அறையைத் தாண்டிச் சுருள் பள்ளங்கள் தொடங்கும் தொண்டைப் பகுதி ஓரளவு அரித்திருந்தது, அவ்வளவுதான். குழல் தேய்ந்துபோகும் என்ற பயம் வேட்டைக்காரர்களுக்குத் தேவைக்கு மேல் இருக்கிறது. .30-06 போன்ற தோட்டாவுக்குக் குழல் பல ஆயிரம் சுடுகளைத் தாங்கும். பருவத்துக்கு ஒரு சில தோட்டாக்கள் சுடுகிறவர் வாழ்நாளில் அதைத் தேய்த்துவிட மாட்டார். துருவும் துப்புரவுக் கம்பியும்தான் அதற்குள் முந்திக்கொள்கின்றன.

ஆகவே வாயின் விளிம்பை லேத்தில் வெட்டிப் புதிதாக அமைத்தோம். கட்டைக்குள் இரண்டு அலுமினியத் தூண்கள் வைத்து, எபாக்சிப் பிசின் ஊற்றி இருக்கை அமைத்தோம். குழல் எங்கும் தொடாதபடி மரத்தைச் சீவி, சீவிய இடத்தில் ஈரம் ஏறாமல் பூச்சும் பூசினோம். இப்போது அதே தோட்டாவில் நூறு மீட்டரில் நான்கு சென்டிமீட்டருக்குள் நிற்கிறது. எனக்கு அது போதும். நான் இருநூறு மீட்டருக்கு மேல் சுடுவதில்லை.

புதிய ரைபிளின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. எடை குறைவு. மழைக்குக் கவலைப்படாத செயற்கைக் கட்டை, துருவை எதிர்க்கும் எஃகு, ஓசை குறைப்பான் மாட்ட மரையிட்ட வாய், எல்லாம் கடையிலிருந்தே வருகிறது. பின்னுதைப்பு தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறவருக்கு 2007இல் வந்த 6.5 கிரீட்மூர் போன்ற மென்மையான தோட்டா உண்மையான விடுதலை. அப்படிப்பட்டவர் பழைய .30-06ஐக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

இன்னொரு வலுவான காரணம் குண்டிலேயே இருக்கிறது. ஈயம் கழுகுகளுக்கும் இறைச்சி உண்பவர்களுக்கும் கேடு என்பதால் பல இடங்களில் அதற்குத் தடை வருகிறது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. மாற்றாக வரும் முழுச் செம்புக் குண்டு, அதே எடையில் ஈயக் குண்டைவிட நீளமானது. நீளமான குண்டு தடுமாறாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். சில பழைய குழல்களின் சுருள் அதற்குப் போதாது. என் குழலில் சுருள் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. நடுத்தர எடைச் செம்புக் குண்டுகளை அது நன்றாகவே சுழற்றுகிறது. உங்களுடையது எவ்வளவு என்று முதலில் அளந்துவிடுங்கள். சுழற்சி போதாவிட்டால் குழலையே மாற்ற வேண்டும். அதோடு கட்டையும் ட்ரிக்கரும் ஸ்கோப் தாங்கியும் சேர்ந்தால் கணக்கு புதிய ரைபிளுக்குத்தான் சாதகமாகும்.

எதையும் தொடக் கூடாத ரைபிள்களும் உண்டு. பாகங்களின் வரிசை எண்கள் எல்லாம் பொருந்திய, மாற்றம் செய்யாத ராணுவ ரைபிளையோ, 1964க்கு முந்தைய வின்செஸ்டர் 70ஐயோ துளை போட்டுத் திருத்த நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. ஒருமுறை போட்ட துளையை மூட முடியாது. அதை அப்படியே விட்டுவிட்டு வேட்டைக்கு வேறொன்று வாங்குங்கள்.

ட்ரிக்கரை நான் மாற்றவில்லை. ராணுவ மவுசரின் இரண்டு கட்ட விசை பலருக்குப் பிடிக்காது. முதலில் தளர்வாக வந்து, ஒரு இடத்தில் நின்று, பிறகு விடும். அந்த நிற்கும் இடம் எனக்கு ஒருமுறை யோசிக்க நேரம் தருகிறது, அது எனக்கு வேண்டும். பாதுகாப்புப் பூட்டை மட்டும் மாற்றினேன். பழைய பூட்டின் இறக்கை மேலே எழுந்து ஸ்கோப்பில் இடித்துக்கொண்டிருந்தது. கையுறையோடு அதைத் திருப்ப முடியாமல் திணறுவது ஆபத்து. ஸ்கோப் வாங்கியது இவை எல்லாம் முடிந்த பிறகுதான்.

என்னோடு வேட்டைக்கு வரும் நண்பர் ஒருவர் என் ரைபிள் தேறியதைப் பார்த்துத் தன்னுடையதையும் கொண்டுவந்தார். வெளியே கண்ணாடி போல மின்னியது. கட்டையைக் கழற்றினோம். மரம் மூடியிருந்த பாதிக் குழலில் துரு குழிகுழியாகத் தின்றிருந்தது. போல்ட்டின் காதுகள் உட்காரும் இடமும் அமுங்கியிருந்தது. பட்டறைக்காரர் அளவுக் கட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, இனி இதைச் சுடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். நண்பருக்கு வருத்தம்தான், ஆனால் வாதாடவில்லை. புதிதாக ஒன்று வாங்கினார். பழையதிலிருந்து ஸ்கோப்பை மட்டும் கழற்றிப் புதியதில் பொருத்திக் குறிக்கு நேர்செய்துகொண்டிருக்கிறார்.