விமானத்துக்கு ஒன்று, விமானிக்கு ஒன்று

சின்ன விமானம் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு பைலட் லைசென்ஸ், மெடிக்கல், இன்ஷூரன்ஸ் எல்லாம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது அத்துப்படி. ரேடியோ லைசென்ஸ் என்று கேட்டால் மட்டும், "அது தேவையில்லை என்று எப்போதோ விட்டுவிட்டார்களே" என்பார்கள். அமெரிக்காவில் பதிவான விமானம் அந்த நாட்டுக்குள்ளேயே பறக்கிறது என்றால் அந்தப் பதில் சரிதான். 1996 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு உள்நாட்டில் மட்டும் பறக்கும் தனியார் விமானத்தின் விஎச்எஃப் ரேடியோ (பேசுவதற்கு), டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குத் தன்னை அடையாளம் காட்டும் கருவி), ஈஎல்டி (விபத்தானால் இருப்பிடம் காட்டும் அவசர சிக்னல் கருவி) எதற்கும் தனியாக லைசென்ஸ் கேட்பதை அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விட்டுவிட்டது.

எல்லையைத் தாண்டினால் கதை வேறு. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் 30-வது பிரிவு, வேறு நாட்டு வான்வெளியில் பறக்கும் விமானத்தின் ரேடியோவுக்கு அந்த விமானம் பதிவான நாட்டின் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்கிறது. அதை இயக்குபவரிடமும் தனியாக ஒரு லைசென்ஸ் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவே சொல்கிறது. 29-வது பிரிவின்படி, விமானத்தில் ரேடியோ இருந்தால் அதற்கான லைசென்ஸையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.

ஆக மொத்தம் இரண்டு காகிதங்கள், பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். விமானத்துக்கானதை எஃப்சிசி 605 படிவத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும், 10 ஆண்டு செல்லும், ஆனால் விமானத்தை விற்றால் அது கைமாறாது, வாங்கியவர் புதிதாக எடுக்க வேண்டும். பழைய விமானம் வாங்கி அதில் ஒட்டியிருக்கும் முந்தைய உரிமையாளரின் லைசென்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள். விமானிக்கானது ரெஸ்ட்ரிக்டட் ரேடியோடெலிஃபோன் பர்மிட். இதற்குத் தேர்வே கிடையாது, ஆயுள் முழுக்கச் செல்லும். ஆங்கிலம் பேசவும் கேட்கவும் தெரியும், தோராயமாகவாவது ஒரு லாக் (குறிப்பேடு) எழுத முடியும், சட்டதிட்டம் தெரியும் என்று நீங்களே உறுதி சொன்னால் போதும். இதற்குப் பேர் பரிசோதனையா என்று சிரிப்புதான் வருகிறது! பிரிட்டனில் விமானிக்கான ரேடியோ லைசென்ஸான எஃப்ஆர்டிஓஎல் வாங்க எழுத்துத் தேர்வும் பேசிக்காட்டும் தேர்வும் உண்டு. இந்தியாவில் அதே மாதிரி ரேடியோ தேர்வான ஆர்டிஆர்(ஏ) என்றாலே விமானி மாணவர்களுக்குக் கொஞ்சம் உதறும்.

என்னைக் கேட்டால் தேர்வு வைப்பதே நல்லது. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்தச் சின்ன இடத்தில்தான் குரல்வழிப் பேச்சில் பெரும்பகுதி நடக்கிறது, அதுவும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒன்றாக மைக் பட்டனை அழுத்தினால் கீச்சென்ற சத்தம்தான் கேட்கும், ஒருவருடைய மைக் பட்டன் சிக்கிக்கொண்டால் அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை பேரும் ஊமை.

அப்புறம், கையடக்க ரேடியோ. முதலில் சொன்ன அமெரிக்க லைசென்ஸ் விலக்கு விமானத்துக்குள் பேசுவதற்குத்தான். அதே பெட்டியை எடுத்துக்கொண்டு ஹேங்கர் வாசலில் நின்று, மேலே பறக்கும் நண்பரைக் கூப்பிடுவது அதில் சேராது. தரையிலிருந்து பேச வேறு லைசென்ஸ் வேண்டும்.