காரைக்குடி வரை டிக்கெட் எடுக்காதீர்கள்: செட்டிநாட்டில் ஒரு நாளும் ஓர் ஆர்க்கிடெக்ட் சண்டையும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், வீடுகள் அப்புறம். திருச்சியிலிருந்து கானாடுகாத்தானில் இருக்கும் அரண்மனை மாதிரி செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் காரைக்குடி வரை டிக்கெட் எடுக்காதீர்கள். புதுக்கோட்டை, திருமயம் தாண்டி வரும் அதே சாலையில், காரைக்குடிக்கு முன்னாலேயே கானாடுகாத்தான் விலக்கு வந்துவிடுகிறது. அங்கே இறங்கினால் நடந்தே ஊருக்குள் போய்விடலாம். இது தெரியாமல் நாங்கள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கி, ஆட்டோ பிடித்து, வந்த வழியே திரும்பினோம்.

ஆட்டோக்காரர் எடுத்த எடுப்பில் 2,200 கேட்டார். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திரும்பக் காரைக்குடி, வெயிட்டிங் உள்பட. அரை மணி நேரம் பேசி 1,600-க்கு இறக்கினேன். ஜெயித்த திருப்தியோடு ஏறி உட்கார்ந்தவனுக்கு அந்த விலக்கு போர்டு கண்ணில் பட்டது. "மாமா, நம்ம பஸ் இதே வழியாத்தானே வந்துச்சு?" என்றாள் அக்கா மகள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஊரணியைப் பார்த்தேன்.

பஸ்ஸில் தூங்கிவிட்டோமா என்று கேட்காதீர்கள். என் சீட்டின் முதுகு நிற்கவே இல்லை, பிரேக் போட்டால் முன்னால் வந்து குத்துகிறது, விட்டால் பின்னால் இருப்பவர் மடியில் போய் விழுகிறது. ஜன்னல் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த நிலைமையில் விலக்கு போர்டை யார் பார்த்தது?

எதற்காகப் போனோம் என்று சொல்ல வேண்டும். நான் டிப்ளமோ சிவில். திருச்சியில் 18 வருடமாகக் கட்டட சைட்டில் சூப்பர்வைசர். அக்கா மகள் பிளஸ் டூ முடித்து, ஆர்க்கிடெக்ட் படிப்புக்கான நுழைவுத் தேர்வு நாட்டாவை எழுதிவிட்டு, பி.ஆர்க். தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஐந்து வருடப் படிப்பு. அக்காவுக்கு ஃபீஸ் கவலை. "நீதான் அந்த ஃபீல்டுல இருக்க, அவகிட்ட நீயே பேசிப் புரியவை" என்று என் தலையில் கட்டினாள். எனக்கும் ஆர்க்கிடெக்ட்டுகள் மேல் பழைய கோபம் உண்டு. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசிக்காமல் வரைந்த டிராயிங்குக்காக எத்தனை சன்ஷேடை உடைத்துக் கட்டியிருக்கிறேன் தெரியுமா? ஆர்க்கிடெக்ட்டே இல்லாமல் கட்டிய அரண்மனை மாதிரி வீடுகளைக் காட்டிவிட்டால் பெண் மனசு மாறிவிடும் என்பது என் திட்டம். இரண்டு பேருக்கும் சேர்த்து பட்ஜெட் 3,000. ஆட்டோவிலேயே பாதிக்கு மேல் போய்விட்டது.

கானாடுகாத்தானில் முதலில் போன வீட்டில் காவலாளி கதவையே திறக்கவில்லை. இரண்டாவது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஆளுக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு, "வாங்க தம்பி, வா ஆத்தா, செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றார். படி ஏறும்போதே தரைமட்டம் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று பார்த்தேன். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்கோளால் அடிபட்டு இங்கே வந்தவர்கள்தான் இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது செட்டியார்கள் என்று சொல்வார்கள். தண்ணீர் பயம்தான் வீட்டை இப்படி உயர்த்தியது என்றார் பெரியவர். காரணம் எதுவோ, கடைக்கால் செலவைப் பார்க்காமல் உயர்த்தியவனுக்கு ஒரு கும்பிடு.

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, திண்ணை, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கிறது. வாசல் நிலையில் நின்றால் கதவுக்குள் கதவாகப் பின்தெரு வெளிச்சம் வரை ஒரே நேர்கோட்டில் தெரிகிறது. இடுப்பில் எப்போதும் இருக்கும் டேப்பை எடுத்து மூன்று நிலைகளின் நடுமையத்தை அளந்து பார்த்தேன். அரை அங்குலம் கூட விலகவில்லை. லேசர் லெவல் வைத்துக்கொண்டே எங்கள் ஆட்கள் போன மாதம் ஒரு வாசலை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தார்கள்.

சுவர்தான் என்னைக் கவிழ்த்தது. சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய்த் தண்ணீர், கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு. பல பூச்சு பூசித் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கியிருக்கிறார்கள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வளவு முழுக்க நடந்தேன். ஓர் இடத்தில் கூட பொள்ளல் சத்தம் இல்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது, சுவரில் கன்னத்தை வைத்தால் மண்பானை மாதிரி ஜில்லென்று இருக்கிறது. நாங்கள் சுவரில் அடிக்கும் புட்டிப் பூச்சு இரண்டு மழைக்கே தோல் உரிகிறது. "தம்பி, போதும், சுவர் விழுந்துடாது" என்று பெரியவர் சிரித்தார்.

தூணெல்லாம் பர்மா தேக்கு. கையால் கட்டிப் பிடித்தால் விரல்கள் தொடவில்லை. இரும்புத் தூண் பர்மிங்காம், பளிங்கு இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம் என்று பெரியவர் ரயில்வே டைம்டேபிள் மாதிரி ஒப்பித்தார். பர்மாவில் வட்டிக்கடையும் வயலும் வைத்துச் சம்பாதித்த பணம். 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அந்த வரவு நின்றது, இப்படி வீடு கட்டுவதும் அத்தோடு நின்றது. இப்போது ஒரு வீட்டுக்கு எத்தனையோ புள்ளிகள் (குடும்பங்கள்) பங்காளி. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் திறக்கிறார்கள், மற்ற நாளில் பூட்டு. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் வந்து ஓட்டை அடைக்குமா?

வளவில் உட்கார்ந்ததும் நான் என் பேச்சைத் தொடங்கினேன். "பாரு, முகப்பில வீட்டுக்காரர் விலாசம்தான் இருக்கு. ஆர்க்கிடெக்ட் பேர் எங்கயாவது இருக்கா? கொத்தனாரும் ஆசாரியும் சேர்ந்து கட்டினது. இதுக்கு எதுக்கு அஞ்சு வருஷம்?"

அவள் வளவின் நடு முற்றத்தைக் காட்டினாள். நாலு பக்கக் கூரையும் உள்ளே சரிந்து, மழை முற்றத்தில் விழுந்து, கால்வாய் வழியாக வெளியே போகிறது. "ரோம்லயும் இதேதான் மாமா. பாம்பெய்ங்கற ரோம ஊர்ல எரிமலை மூடின வீட்டுல நடுவுல திறந்த கூடம், கீழே மழைத் தண்ணிக்குத் தொட்டி. சீனாவுல நாலு பக்கமும் கட்டடம், நடுவுல முற்றம். கேரளத்துல நாலுகெட்டு. யாரும் யாரையும் பார்த்து காப்பி அடிக்க வேண்டியதில்ல. வெயிலும் கூட்டுக்குடும்பமும் சேர்ந்தா மனுஷன் புத்தி முற்றத்துக்குத்தான் போகும்போல." ரோமில் விட்ருவியஸ் என்று ஒருவர், 2,000 வருடத்துக்கு முன்பே, கட்டடத்துக்கு உறுதி, பயன், அழகு மூன்றும் வேண்டும் என்று எழுதி வைத்தாராம். எங்கள் மேஸ்திரியும் இதைத்தான் சொல்வார், அழகை மட்டும் விட்டுவிட்டு.

"சரி, ஆனா இங்க ஆர்க்கிடெக்ட் இல்லையே?" விடவில்லை நான்.

"ஆர்க்கிடெக்ட்னா கிரேக்கத்துல என்ன அர்த்தம் தெரியுமா மாமா? தலைமைத் தச்சன். தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் யார் பேரை வெட்டி வெச்சிருக்கான்? குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். பெருந்தச்சன்னா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 1010-ல் குடமுழுக்கு நடந்த கோயில். ராஜா தன் பட்டத்தையே தச்சனுக்குக் கொடுத்து, பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறான். ஆயிரம் வருடம் கழித்து நாங்கள் கட்டும் அபார்ட்மென்ட்டில் பில்டர் பெயர் நியான் விளக்கில் எரிகிறது, கம்பி கட்டினவன் பெயர் மஸ்டர் ரோலில் (கூலி வருகைப் பதிவில்) கூடத் தப்பாக இருக்கிறது.

தோற்கக் கூடாது என்று சட்டத்துக்குத் தாவினேன். 1972 ஆர்க்கிடெக்ட் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 2020-ல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் பட்டப்பெயரைத்தான் காக்கிறது, வடிவமைப்பு வேலையை மற்றவர் செய்வதைத் தடுக்கவில்லை என்று சொல்லிவிட்டது. "அப்ப நானும் டிசைன் பண்ணலாம்ல?" என்றேன்.

"தாராளமா பண்ணுங்க மாமா. பேருதான் போட முடியாது."

பெரியவருக்கு இந்தச் சண்டை பிடித்துவிட்டது. "பிள்ளையார்பட்டிக்காரர் ஒருத்தர் இருந்தாரே" என்று ஆரம்பித்தார். கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை நிறுத்தியவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணக்குப் படித்தவர், பிறகு மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். சிற்பியின் மகன் கணக்குப் படித்துவிட்டு வந்து கல்லை நிறுத்துகிறார். எனக்கு எதிராக இன்னொரு சாட்சி. மாமல்லபுரத்தில் மரபுக் கட்டடக்கலைக்கே பட்டப்படிப்பு உண்டு என்று அதையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஆத்தங்குடி. இங்கேதான் அவள் வாயடைத்துப் போனாள், நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். கல் செய்யும் பட்டறையில் (டைல்ஸ் என்றால் முறைக்கிறார்கள், ஆத்தங்குடி கல் என்று சொல்லுங்கள்) ஓர் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் வண்ண சிமெண்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார். கோடு தாண்டவில்லை, பேச்சும் நிற்கவில்லை. அச்சை மெதுவாக உருவுகிறார். வண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, கலக்கவில்லை. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டப்பலகையால் இழுக்கிறார். அப்புறம் காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியைப் பிரித்தெடுத்தால் அதன் மினுமினுப்பு கல்லுக்கு வந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து மொராக்கோ, கியூபா வரை போன சிமெண்ட் கல் இதற்கு உறவுதான், ஆனால் அங்கெல்லாம் பிரஸ்ஸில் அழுத்துவார்கள். இங்கே எல்லாம் கை. எங்கள் சைட்டில் சிமெண்ட் நன்றாக இறுக, அதாவது கியூரிங்குக்கு, தண்ணீர் விடச் சொல்லி நான் கத்தும் கத்தலை நினைத்தால் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

அவள் ஒரு கல் ஊற்றிப் பார்க்கக் கேட்டாள். அண்ணன் கொடுத்தார். மஞ்சள் பச்சைக்குள் ஓடி, பூ கத்தரிக்காய் ஆனது. "டிராயிங் போடறது வேற, ஊத்தறது வேற" என்றேன். இந்த ஒரு பாயிண்ட் எனக்கு.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். காரைக்குடிக்குத் திரும்பி, ஆட்டோக்காரரே காட்டிய சின்னக் கடை. (1,600-ல் 200-ஐ இதற்காக மன்னித்தேன்.) இலை போட்டு, கோழிச்சாறு ஊற்றினார்கள். கல்பாசி வாசம் மூக்கில் ஏறியதும் காலையிலிருந்து இருந்த எரிச்சல் இறங்கிவிட்டது. நண்டு மசாலாவில் மிளகு தொண்டைக்குள் நின்று பேசியது. ரசத்துக்கு மூன்று தடவை சோறு வாங்கினேன். கடைசியில் கவுனி அரிசி, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டு. ஆளுக்கு 240. திருச்சியில் இந்தக் காசுக்கு 'செட்டிநாடு' என்று பெயர் வைத்துச் சிவப்பாக எதையோ தருகிறார்கள், அதற்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கக் கூடாது. இடித்த வீடுகளின் தூண், நிலை, ஜன்னல், எனாமல் அடுக்கு எல்லாம் அங்கே கடைகளில் சாத்தி வைத்திருக்கிறார்கள். கஜலட்சுமி செதுக்கிய ஒரு நிலைக்குச் சொன்ன விலையில் எங்கள் சைட்டில் மூன்று வீட்டுக்குக் கதவு போடலாம். அவள் அதைத் தடவிக்கொண்டே, "இது எந்த வளவுல இருந்துச்சோ" என்றாள். கடைக்காரருக்கு அது தெரியவில்லை. எங்களிடம் வாங்கக் காசும் இல்லை.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். தங்கவில்லை, அன்றே திரும்பிவிட்டோம். திரும்பும் பஸ்ஸில் சீட் நின்றது. அவள் நோட்டில் அந்த வீட்டின் பிளானைப் போட்டுக்கொண்டே வந்தாள். திருமயம் தாண்டும்போது, "மாமா, வளவுத் தூணுக்கும் தூணுக்கும் நடுவுல எவ்வளவு இருந்துச்சு? அளந்தீங்கள்ல?" என்றாள். அளந்தேன். எண் மறந்துவிட்டது. சரி, தோராயமாக டேப்பை இழுத்துக் காட்டலாம் என்று இடுப்பைத் தடவினேன். டேப் இல்லை. அந்த வளவுத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். 350 ரூபாய் டேப். மொத்தச் செலவு 3,120, டேப்பைச் சேர்த்தால் 3,470.

"பரவாயில்ல மாமா" என்றாள், "அடுத்த வாரம் போய் எடுத்துட்டு, மீதியையும் அளந்துட்டு வருவோம். இந்த தடவை விலக்குலயே இறங்கிடலாம்."