பூங்கா இடத்துக்கு வந்த தீர்மானம்

எங்கள் பூங்கா இடத்தில் குப்பையை உரமாக்கும் கூடம் கட்டும் தீர்மானம் நகர்மன்றத்தில் பாஸ் ஆகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். செய்ய முடிந்தது. ஆனால் ஒரு நகர்மன்றம் எந்த இடத்தில், யார் கையால் முடிவெடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்வதற்கே எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. இதே சிக்கலில் இருக்கிற யாருக்காவது உதவும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது டெல்டாவில் ஒரு முதல்நிலை நகராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம். வீட்டு வரி கட்ட இன்னமும் அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் மனைப்பிரிவு தொண்ணூறுகளில் அங்கீகாரம் பெற்றது. நடுவில் பூங்காவுக்கென்று விடப்பட்ட இடம் இருக்கிறது. பூங்கா என்று சொல்லிக்கொள்ள அதில் எதுவும் கிடையாது. ஒரு வேப்பமரம், கருவேலம் புதர், மாலையில் பிள்ளைகளின் கிரிக்கெட், அவ்வளவுதான். 2023இல் ஒரு காலைப்பொழுதில் பொக்லைன் வந்து முள்ளையெல்லாம் வழித்துத் தள்ளியது. சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்துக்கொண்டிருந்த ஒப்பந்ததாரரின் ஆளிடம் கேட்டதற்கு, "நுண்ணுரக்கூடம் வருகிறது சார். தீர்மானமெல்லாம் ஆகிவிட்டது" என்றார்.

நுண்ணுரக்கூடம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்த பிறகு, மக்கும் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல் ஆங்காங்கே உரமாக்குவதற்காகக் கட்டப்படுகிற கொட்டகை. காய்கறிக் கழிவை இயந்திரத்தில் நறுக்கி, செங்கல் தொட்டிகளில் போட்டு, சாணக் கரைசலோ நுண்ணுயிர்க் கரைசலோ தெளித்துக் கிளறிவிட்டால் 45 முதல் 60 நாளில் உரம் தயார். நல்ல திட்டம்தான். எங்கள் சண்டை திட்டத்தோடு அல்ல, இடத்தோடு.

முதலில் வார்டு கவுன்சிலரைத் தேடினோம். கவுன்சிலர் ஒரு பெண்; கைப்பேசியை எடுப்பவர் அவர் வீட்டுக்காரர். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016இல் சட்டம் வந்தது. கைப்பேசி இன்னும் பல வீடுகளில் ஒதுக்கீட்டுக்குள் வரவில்லை. வீட்டுக்காரர், "பார்க்கலாம், பேசலாம்" என்றார். நேரில் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாவே வெளியே வந்து, "அண்ணே, அன்றைக்குக் கூட்டத்தில் நானும்தான் இருந்தேன். இது எந்தப் பொருளில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. பின்னால் பொருள் புத்தகத்தை, அதாவது மன்றக் கூட்டத்தில் முடிவுக்கு வைக்கும் விஷயங்களை வரிசையாகத் தொகுத்த தாள்களைப் பார்த்தபோது, அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அலுவலகத்தில் தீர்மான நகல் கேட்டேன். "அதெல்லாம் வெளியாட்களுக்குக் கொடுப்பதில்லை" என்று பதில். அங்கே வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1) பிரிவின் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதி, பதிவு அஞ்சலில் அனுப்பினேன். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "ஏன் பூங்காவில் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். நான் கேட்டவை: இன்ன பணி குறித்த மன்றத் தீர்மானத்தின் நகல், அதற்கான அலுவலகக் குறிப்பு, மதிப்பீடு, அந்த இடத்துக்கான உரிமை ஆவணம், மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேட்டிருந்தேன். பார்வையிடுவதில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 30 நாள் கெடு தாண்டிவிட்டால் அந்த இரண்டு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை, இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6) பிரிவு சொல்கிறது. கெடு தாண்டியது. மேல்முறையீட்டு மனுவை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அதைப் பார்த்த பிறகுதான் கோப்பு மேசைக்கு வந்தது.

மேலாளரின் மேசையில் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் அட்டை கிழிந்து கிடந்தது. 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டிருந்து, 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதை அவருக்கு நினைவூட்டலாமா என்று நினைத்தேன். கோப்பு கைக்கு வந்திருக்கிற நேரத்தில் எதற்கு வம்பு.

இனி அந்தப் பொருள் புத்தகம். நீளத் தாள்கள், மூலையில் ஒரே ஒரு பின். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பகுதிகள். முதலில் பொருள், அடுத்து அலுவலகக் குறிப்பு, கீழே தீர்மானம் எழுத விட்ட இடம். எங்கள் பொருள், பிளீச்சிங் பவுடர் கொள்முதலுக்கும் ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் பழுதுக்கும் நடுவில் இருந்தது. வார்டு எண் உண்டு, சர்வே எண் உண்டு, மதிப்பீட்டுத் தொகை உண்டு. "நகராட்சிக்குச் சொந்தமான இடத்தில்" என்று இருந்ததே தவிர, அது மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடம் என்று எங்குமே இல்லை. தெருப் பெயரும் இல்லை. அலுவலகக் குறிப்பு: "மன்றம் அனுமதிக்கலாம்." தீர்மானம்: "அனுமதிக்கப்பட்டது." சர்வே எண்ணை வைத்துத் தன் வார்டின் பூங்காவைக் கண்டுபிடிக்க எந்தக் கவுன்சிலரால் முடியும்? வரைபடத்தையும் பக்கத்தில் வைத்திருந்தால்தான் உண்டு.

நான் தெரிந்துகொண்ட முக்கியமான செய்தி இதுதான். மன்றம் முடிவெடுப்பது கை தூக்கும்போது அல்ல. அலுவலகக் குறிப்பை எழுதும் எழுத்தரின் மேசையில், அந்தக் குறிப்பில் எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதில் முக்கால்வாசி முடிவு முடிந்துவிடுகிறது. பிறகு தலைவர், ஆணையாளர், கூட்டம், மேசை தட்டல் எல்லாம் அதன் மீது விழும் முத்திரைதான். சில பொருள்கள் அந்தப் புத்தகத்துக்குக்கூட வருவதில்லை. கூட்டத்தன்று காலையில் கூடுதல் பொருள் என்று தனித்தாளாக நாற்காலியில் வைக்கப்படுகின்றன. இன்னும் சில, தலைவரின் முன் அனுமதி பெற்று வேலையே நடந்து முடிந்த பிறகு மன்றத்தின் பதிவுக்கு வருகின்றன. ஆகவே தீர்மானத்தை எதிர்த்துக் கோஷம் போடுவதைவிட, அந்தக் குறிப்பை மறுபடி எழுத வைப்பதுதான் வேலை என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஆவணம் வேண்டும். நகராட்சிக் கோப்பில் மனைப்பிரிவு வரைபடம் இல்லை. "தேடப்படுகிறது" என்று எழுத்துப்பூர்வமாகவே கொடுத்தார்கள். வரைபடத்தை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அதே தகவல் உரிமை மனு மூலம் வாங்கினேன். பூங்கா இடத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டிய, ஓரம் மஞ்சளித்த தாளின் நகல். அடுத்தது தானப் பத்திரம். மனைப்பிரிவு போட்டவர் சாலைகளையும் பூங்காவையும் நகராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். பதிவுத் துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பத்திர எண் கிடைக்கும், பார்க்கக் கட்டணம் இல்லை. எண் கிடைத்ததும் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தேன். பத்திரத்தில் தெளிவாக இருந்தது: "பூங்கா உபயோகத்துக்காக மட்டும்."

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கைச் சொன்னார். பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களே வழக்குத் தொடரலாம் என்பதும் அதில் இருக்கிறது. "உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால் தடை வாங்கிவிடலாம். ஆனால் போவதற்கு முன்னால் எல்லா மேசையிலும் மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அப்படியே ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கும் போனோம். வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்து, எண் வாங்கினோம். அந்த மனு சுற்றிச் சுற்றி "உரிய நடவடிக்கைக்கு" என்ற குறிப்போடு எங்கள் நகராட்சியின் அதே பிரிவு எழுத்தரிடம் வந்து சேர்ந்தது. அவரே எனக்குப் பதில் எழுதினார்: மன்றத் தீர்மானத்தின்படி பணி நடைபெறுவதால் கோரிக்கை ஏற்க இயலாது. 1100 உதவி எண்ணில் பதிந்த புகாருக்கும் எழுத்து மாறாமல் இதே பதில்தான். ஆனாலும் இவை வீண் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஒப்புகையும் கோப்பில் ஒரு தாளாக ஏறியது. கோப்பு கனத்ததும் ஆணையாளர் கூப்பிட்டுப் பேசினார்.

அவரிடம் வரைபடத்தையும் தானப் பத்திரத்தையும் பக்கம் பக்கமாக விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி சார், அப்படியானால் எங்கே கட்டுவது? நிதி வந்துவிட்டது. இடம் காட்டாவிட்டால் திரும்பிப் போய்விடும்" என்றார். நியாயமான கேள்வி. பூங்காவில் கூடாது என்று சொல்லத் தயாராகப் போயிருந்தவர்களிடம் அதற்குப் பதில் இல்லை.

பதில் கிடைத்தது துப்புரவு மேற்பார்வையாளர் ஒருவரிடம். தள்ளுவண்டியில் வருகிற குப்பையைத் தரம்பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் நின்று அவர் சொன்னார்: "வீட்டுக் குப்பையில் பாதி பிளாஸ்டிக்கோடு கலந்துதான் சார் வருகிறது. தொட்டியில் போட்டால் மக்காது, நாறும். சுத்தமான காய்கறிக் கழிவு கிடைப்பது சந்தையில்தான். கூடத்தை அங்கேயே கட்டிக் கொடுத்தால் எங்களுக்கு வண்டி தள்ளும் வேலையும் மிச்சம்." வாரச்சந்தைத் திடலின் பின்பக்கம் நகராட்சிக்கு ஒரு பழைய கிடங்கு இடிந்து கிடந்தது. இந்த யோசனையை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பு போவதற்கு முன்பாக, மாற்று இடத்தைக் குறிப்பிட்டு, ஆவணங்களை இணைத்து, கவுன்சிலர் அம்மாவின் கையெழுத்தோடு ஒரு மனு கொடுத்தோம். இம்முறை அவர் கைப்பேசியை அவரே எடுத்தார். பொருள் புத்தகத்தின் நகல் ஒன்றையும் எங்களுக்கு முன்கூட்டியே காட்டினார். அலுவலகக் குறிப்பில் "பூங்காவுக்கென தானமாகப் பெறப்பட்ட இடம்" என்ற சொற்கள் இருந்தன.

கூட்டத்தைப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். மேடையில் தலைவரும் பக்கத்தில் ஆணையாளரும். கீழே குதிரை லாட வடிவில் மேசைகள், பாதி வேலை செய்யாத மைக்குகள், ஆளுக்கொரு மிக்சர் பொட்டலம், டீ. எழுத்தர் பொருள் எண்ணை வாசிக்கிறார், "அனுமதிக்கலாமா?" என்கிறார் தலைவர், இரண்டு மூன்று குரல்கள் "அனுமதிக்கலாம்" என்கின்றன, அடுத்த பொருள். டீ ஆறுவதற்குள் பத்துப் பொருள்கள் முடிந்துவிட்டன. தெருநாய், குடிநீரில் கழிவுநீர் கலப்பது, எரியாத தெருவிளக்கு என்று வந்தபோது மட்டும் சத்தம். எங்கள் பொருள் வந்ததும் சந்தை வார்டின் கவுன்சிலர் எழுந்தார். "அவர்கள் தெருவில் நாறக்கூடாது, எங்கள் தெருவில் நாறலாமா?"

நான் பயந்த கேள்வி அது. நேர்மையான கேள்வியும்கூட. எங்கள் கவுன்சிலர் எழுந்து, தானப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சந்தைக் கழிவு இப்போதே உங்கள் வார்டில்தான் திறந்தவெளியில் அழுகிக்கொண்டிருக்கிறது. கொட்டகை கட்டினால் அது கூரைக்குள் போகும். அதோடு சந்தையில் இடிந்து கிடக்கிற கழிப்பறையையும் சேர்த்துக் கட்டித் தரும்படி தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள், நானும் ஆதரிக்கிறேன்" என்றார். சந்தை வியாபாரிகள் அந்தக் கழிப்பறைக்காக நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தை வார்டுக்காரர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். முந்தைய தீர்மானம் ரத்து செய்யப்பட்டு, இடம் மாற்றப்பட்டது. கழிப்பறைக்கு மதிப்பீடு தயாரிக்கவும் முடிவானது. நான் கட்டிக்கொண்டு போன ஆவணக்கட்டு மடியிலேயே இருந்தது. குறிப்பை மாற்றியது ஆவணம். மன்றத்தை மாற்றியது அந்தக் கழிப்பறை.

கூடம் இப்போது சந்தைப் பின்புறத்தில் இயங்குகிறது. மழைக்காலத்தில் வாடை வருகிறது என்று அந்த வார்டில் புகார் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், புகாரில் உண்மை இருக்கிறது, தொட்டிகளுக்கு மேல் கூரைச்சாரல் அடிக்கிறது. கழிப்பறை கட்டி முடிந்துவிட்டது, தண்ணீர் இணைப்பு இன்னும் வரவில்லை. எங்கள் பூங்காவுக்குக் கம்பி வேலி போட மதிப்பீடு தயாராகிறது என்கிறார்கள். பொருள் புத்தகத்தில் இன்னும் வரவில்லை. மதிப்பீட்டின் நகல் கேட்டு மனு போட்டிருக்கிறேன்; இந்த முறை கூரைச்சாரலைத் தடுக்கும் பணிக்கான கோப்பையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.