விரித்த கூந்தலும் பீடிக்கட்டும்

குடியாத்தம் பகுதியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளில், மாணவர்கள் எழுதும் சிறுகதைகளைத் திருத்துவதே எனக்கு மிகவும் பிடித்த வேலையாக இருந்தது. ஆனால் நெடுங்காலம் அதைத் தவறாகவே செய்துவந்தேன். படித்து முடித்ததும் 'இக்கதையின் கருப்பொருள் என்ன?' என்று கேட்பேன். பிள்ளைகளும் 'உழைப்பே உயர்வு தரும்' என்பது போன்ற ஒரு வரியை எழுதிக் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். அந்த வரியை நீக்கினாலும் கதைக்கு எந்தக் குறையும் நேராது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இதற்குக் 'கருப்பொருள்' என்ற சொல்லும் ஒரு காரணம். கதையின் மையக் கருத்தை இன்று கருப்பொருள் என்கிறோம். தொல்காப்பியம் அப்பெயரால் குறிப்பதோ தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை முதலிய நிலத்துப் பொருள்களை. பிரிதல், இருத்தல், இரங்கல் போன்ற உணர்வொழுக்கம் அங்கே உரிப்பொருள் எனப்படும். பிரிவைப் பாடும் சங்கப் புலவர் பறவையையும் மரத்தையும் காட்டியே அதை நம்மை உணரவைத்துவிடுகிறார். இதை இலக்கணமாகப் பலமுறை நடத்தியிருந்தும், கதை எழுதும் பிள்ளைக்கும் இது உதவும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

தோன்றவைத்தது திரௌபதியம்மன் திருவிழா. எங்கள் வடார்க்காட்டு ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகக் கதை நாள்கணக்கில் நடக்கும். துகிலுரிதல் இரவில் அவிழ்ந்த கூந்தலைப் பாஞ்சாலி, துரியோதனன் வீழும் படுகளத்தன்று காலையில், மண்ணால் செய்து தரையில் கிடத்தப்பட்ட துரியோதனன் உருவத்தின் அருகேதான் முடிக்கிறாள். பிரசங்கியார் பகலில் சொன்ன விளக்கங்கள் எனக்கு மறந்துவிட்டன. அத்தனை இரவுகளிலும் முடியாமல் கிடந்த கூந்தல் மட்டும் மறக்கவில்லை.

அவ்வாண்டு பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, பீடி சுற்றும் தன் தாயைப் பற்றிக் கதை எழுதியிருந்தாள். ஊறவைத்த இலையை நறுக்கித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டுவதை நுணுக்கமாக எழுதிவிட்டு, 'தாயின் தியாகத்தை மறவாதே' என்று முடித்திருந்தாள். கருப்பொருள் என்ன என்று இம்முறை நான் கேட்கவில்லை. "உன் கதையில் திரும்பத் திரும்ப வருவது எது?" என்றேன். நெடுநேரம் தாளையே பார்த்திருந்தவள், "அம்மா எண்ணிக்கொண்டே இருக்கிறார் ஐயா" என்றாள். உண்மைதான்: 25 பீடி ஒரு கட்டு என்று எண்ணும் அந்தத் தாய், அரிசியை ஆழாக்குக் கணக்கிலும், மகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தை நிமிடக் கணக்கிலும் எண்ணிக்கொண்டிருந்தாள். எழுதியவளுக்கே தெரியாமல் அது கதைக்குள் வந்து அமர்ந்திருந்தது. கருத்தை முதலில் தீர்மானித்துக்கொண்டு எழுதியிருந்தால் இது வந்திருக்காது என்றே நினைக்கிறேன்; எழுதிய பிறகு கண்டெடுத்து, வேண்டாதவற்றைக் களைந்து, அதற்கு இடம் விட்டுக் கொடுப்பதுதான் திருத்தம்.

ஒரு வாரம் கழித்துக் கதையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். தியாகம் என்ற சொல் அதில் இல்லை. கல்லூரியில் சேர வேலூருக்குப் போக வேண்டும் என்று மகள் சொல்கிறாள். தாய் பதில் பேசாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். பதினேழாவது பீடியில் எண்ணிக்கை தவறுகிறது. கட்டைப் பிரித்து, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறாள். அங்கே கதையை முடித்திருந்தாள்.